பழைய தேயிலை மலையில் மண் சத்து குறைந்தால் சுவையும் குறையுமா?

ரிங்லெட்_மீனா: மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் 1929-இலேயே 'போ' (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிவிட்டது. என் பக்கத்துப் பழைய மலையில் உரம் போட்டும் கொழுந்து சிறுத்துப்போகிறது, நுனி மொட்டு சீக்கிரமே வளராமல் உறங்கிவிடுகிறது. தேநீரில் அந்த வாசமே இல்லை. மனசு கேட்கவில்லை. காரணம் செடியின் வயதா, மண்ணா?

தானா_ராத்தா_செல்வம்: அக்கா, முதலில் மண்ணின் பிஎச், அதாவது புளிப்பு அளவு, பாருங்கள்; எண் குறைந்தால் புளிப்பு அதிகம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை சரி. அம்மோனியம் சல்பேட், யூரியா என்று வருடக்கணக்கில் போட்டால் புளிப்பு ஏறும். அப்புறம் மக்னீசியமும் பொட்டாசியமும் மழையில் கரைந்து ஓடிவிடும். டோலமைட் (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) போடுங்கள்.

மலைக்காரன்: யூரியாவை மட்டும் கூட்டாதீர்கள்! தழைச்சத்து மீறினால் கொழுந்து எடை கூடும், ஆனால் இலையில் நிறமும் துவர்ப்பும் தரும் பாலிபீனால் குறையும். கறுப்புத் தேநீரின் நிறமும் விறுவிறுப்பும் போய்விடும். கவாத்தில் (செடியைக் கத்தரிப்பதில்) வெட்டிய கிளைகளை விறகுக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதில் நிறைய பொட்டாசியம் இருக்கிறது. சரிவிலேயே விட்டால் மேல்மண்ணையும் பிடித்து வைக்கும்.

ரிங்லெட்_மீனா: இங்கேயும் விறகுக்குத்தான் போகிறது. மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) பேசுகிறேன். டோலமைட் எப்போது?

தானா_ராத்தா_செல்வம்: கவாத்துக்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது. யூரியாவோடு சேர்க்க வேண்டாம், அம்மோனியா ஆவியாகிவிடும்.