விட்டுவிட்டு எரியும் விளக்குக்கு ஒரு கலைச்சொல்

சேலம், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் வாகன மின்பணி படிக்கும் மாணவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். முகப்பு விளக்கு பற்றிய அதிகாரத்தில் ஒரு சொல் இடிக்கிறது.

விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அணைகிறது. சிறிது தூரம் போனதும் தானாகவே எரிகிறது. பட்டறைக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டால் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆங்கிலப் பாடநூல்கள் இதை ‘இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்’ என்கின்றன. என் மாணவர்களுக்கு எல்லாமே ‘லூஸ் காண்டாக்ட்’தான். ஆனால் அது பல காரணங்களில் ஒன்று. சுவிட்சைப் போட்டதும் விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கலாம். வயரை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏறியிருக்கலாம். வயரின் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கலாம். இத்தனைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு ‘இடைவிட்ட பழுது’ என்று எழுதிவைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. படிக்கப்போகிறவர்கள் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்து உதவுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பி, நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். ‘இடைவிட்ட’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். விட்டது விட்டதுதான், இனி விடாது என்று பொருள்பட்டுவிடும். வினைத்தொகையாக்கி ‘இடைவிடு பழுது’ என்றால் முக்காலத்துக்கும் பொருந்தும். ‘இடைவிடாத மழை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதன் மறுபக்கம் என்பதால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. யாப்பிலக்கணத்தில் ‘விட்டிசைத்தல்’ உண்டு. ஓர் உயிரெழுத்தை அடுத்து இன்னோர் உயிரெழுத்து உடம்படுமெய் இல்லாமல் நின்றால் ஓசை அங்கே அறுந்து மீண்டும் தொடங்கும். அப்படி விட்டிசைத்தால் முதலில் நிற்கும் தனிக்குறிலும் நேரசையாகிவிடும். ஓசை அறுந்து தொடர்வது விட்டிசை என்றால், ஒளி அறுந்து தொடர்வது ‘விட்டெரி’. விட்டு என்பதன் குற்றியலுகரம் கெட்டு எகரம் ஏறிவிடுகிறது; புணர்ச்சியில் ஒரு நெருடலும் இல்லை. ‘விட்டெரி பழுது’ என்று எழுதிப் பாருங்கள். 1916-இல் ராஜாஜி முதலியோர் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்கச் சங்கம் வைத்தது உங்கள் சேலத்தில்தான். அந்த ஊரிலிருந்து வரும் கையேடு ‘லூஸ் காண்டாக்ட்’ என்று பேசக் கூடாது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, விட்டிசையை இங்கே கொண்டுவந்தது அழகு. ஆனால் வகுப்பில் ஆசிரியர் ‘விட்டெரி’ என்றால் பின்வரிசைப் பையனின் காதில் ‘விட்டெறி’ என்றுதான் விழும். ரகர றகர வேறுபாட்டை ஒலித்துக் காட்டும் ஆசிரியர்கள் குறைவு. வயரைக் கழற்றி வீசச் சொல்லும் கையேடு ஆகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், அது விளக்குக்கு மட்டும்தான் பொருந்தும். இதே கோளாறு ஹாரனுக்கும் வைப்பருக்கும் எரிபொருள் பம்புக்கும் வரும். அந்த அதிகாரங்களில் என்ன எழுதுவது?

வாகன உரிமையாளர் கையேடுகளை மொழிபெயர்க்கும்போது நான் ‘விட்டுவிட்டு ஏற்படும் பழுது’ என்றே எழுதுகிறேன். கேட்டவுடன் புரிகிறது. கலைச்சொல் என்றால் ஒரே சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நாமே நம் தலையில் சுமத்திக்கொள்கிறோம் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்:

வணக்கம். மருத்துவத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சலை நம் முன்னோர் ‘முறைக்காய்ச்சல்’ என்றார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் இதே ‘இன்டர்மிட்டன்ட்’தான் அடைமொழி. 19-ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். ஊர்ச்சனம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லை முதலில் தேட வேண்டும் என்பதைத்தான் அந்த முயற்சியிலிருந்து நான் எடுத்துக்கொள்வேன். ‘முறைப்பழுது’ என்று வைத்தால் என்ன? ஒரே சொல். நாவில் நிற்கும்.

மதுரை, பேராசிரியர்:

முறைப்பழுது! இதை நான் மனமார வரவேற்கிறேன். முறை என்பது வரிசை, முறை என்பது தடவை, முறை என்பது நீதி, முறை என்பது உறவு. ‘முறை செய்து காப்பாற்றும் மன்னவன்’ என்ற குறளில் நீதி. ‘என்ன முறை வேண்டும்?’ என்று கல்யாண வீட்டில் கேட்கும்போது உறவு. தண்ணீர் பாய்ச்சும் முறை வைத்துக்கொள்ளும் ஊர்களில் அது ஒருவருக்கு உரிய வேளை. இத்தனை பொருளையும் ஒரு சொல் தாங்குகிறது.

இந்த இடத்தில் வேறொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பாடநூலில் ‘மின்தடை’ என்றால் ஓம் கணக்கில் அளக்கும் தடை. நாளிதழில் ‘நாளை மின்தடை’ என்றால் கரண்ட் இருக்காது. ஒரே சொல்லை இரண்டு துறைகளுக்குக் கொடுத்துவிட்டு மாணவனைக் குழப்புகிறோம். யாழ்ப்பாண நண்பர்கள் வெறுமனே ‘தடை’ என்று எழுதுவது எவ்வளவோ மேல்.

கோவை, கார் மின்பழுது பார்ப்பவர்:

வாத்தியார் ஐயாவுக்கும் மற்றப் பெரியவர்களுக்கும் வணக்கம். சொல்லுக்குப் போவதற்கு முன் வண்டியில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். டிம்மில் நாலரை, பிரைட்டில் 5 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். போகிற வழியில் எங்காவது அரை ஓம் தடை புகுந்தாலே சுமார் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும், விளக்கு மங்கிவிடும். அந்த இடம் சூடாகும். பல்பின் பின்னால் வயர்களைப் பல்போடு இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். மூன்று டெர்மினல்களில் ஒன்று வாய் பிளந்து நிற்கும். சூட்டில் அதன் பிடி தளர்ந்து தொடர்பு விடும், ஆறினால் பிடிக்கும்.

புதிய பையன்கள் மல்டிமீட்டரைப் பீப் சத்தத்துக்கு வைத்து வயரைச் சோதிக்கிறார்கள். மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில். கடைசி ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் என்று கத்தும். ‘வயர் நன்றாக இருக்கிறது’ என்று வண்டியை அனுப்பிவிடுவார்கள். விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவிலும் மறுமுனையைப் பல்பின் எர்த் டெர்மினலிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வழியில் எங்கோ கெட்டிருக்கிறது. முனைகளை எடுக்காமல், வயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எண் எங்கே துள்ளுகிறதோ அங்கேதான் இடம். இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தால் இரண்டுக்கும் பொதுவான சுவிட்ச், ரிலே, பொது எர்த் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அணைந்தால் அந்தப் பக்கத்து ஃபியூஸ், கப்ளர், பல்பு.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘இடைவிட்ட பழுது’, ‘முறைப்பழுது’ எல்லாவற்றிலும் எனக்கு ஒரே குறைதான். பழுது விட்டுவிட்டு வருவதில்லை. போல்ட்டின் அடியில் துரு நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, விளக்கு பளிச்சென்று எரியும்போதும் இருக்கிறது. வருவதும் போவதும் அதன் விளைவு. விளக்கு அணைவது கோளாறு, துரு பழுது. பட்டறையில் நாங்கள் ‘கோளாறு என்ன?’ என்று வண்டிக்காரரிடம் கேட்போம், ‘பழுது எங்கே?’ என்று வண்டியில் தேடுவோம். பழுதே வந்து போகிறது என்று ஒரு பையன் படித்துவிட்டால், விளக்கு எரிகிறபோது பழுது இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கையேட்டில் கோளாறு என்றே இருக்கட்டும்.

அடுத்தது, முறை. முறைக்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கணக்காக வரும். இந்த விளக்குக் கோளாறுக்குக் கணக்கே கிடையாது, அதுதான் எங்களுக்குத் தலைவலி. கணக்காக வரும் விளக்குக் கோளாறும் ஒன்று உண்டு. சில பழைய கார்களில் விளக்குச் சுவிட்சுக்குள்ளேயே சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு தகடு இருக்கும். மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும், ஆறினால் சேரும், மறுபடி துண்டிக்கும். விளக்கு சீரான இடைவெளியில் அணைந்து எரியும். முறை என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

அண்ணா, இந்த விளக்கத்துக்குப் பிறகு ‘பழுது’ என்று எழுத என் கை வராது. ‘விட்டுவிட்டு வரும் கோளாறு’ என்பதற்கு என் வாக்கு.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்:

முறைப்பழுதைத் திரும்பப் பெறுகிறேன். சீராக அணைந்து எரிவதற்கும் ஒழுங்கின்றி அணைவதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பது நல்ல விஞ்ஞானம். எங்கள் பக்கத்தில் வாகனத்தைத் திருத்துகிறவர்களும் ‘பிழை எங்கே’ என்றுதான் தேடுவார்கள், வண்டிக்காரர் சொல்வதை வேறாக வைத்துக்கொள்வார்கள்.

மதுரை, பேராசிரியர்:

பட்டறை நண்பர் காட்டிய வேறுபாடு மறுக்க முடியாதது. ஆனால் ‘கோளாறு’ எனக்கு உவப்பாக இல்லை. அதன் முதலில் நிற்பது ‘கோள்’ என்றே கருதுகிறேன். கோள் நிலையால் நேரும் கேடு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சம்பந்தர் கோளறு பதிகம் பாடியது அந்தக் கேட்டை விலக்க. மின்னியல் கையேட்டில் சோதிடம் நுழைய வேண்டுமா? ‘குறை’, ‘குற்றம்’, ‘வழு’ என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. கணினித்துறையில் ‘வழு’ வேரூன்றிவிட்டது. ‘இடைவிடு வழு’ என்றால் எதுகைபோல இழைகிறது.

அடுத்து, ‘விட்டுவிட்டு வரும்’ என்பது சொற்றொடர், கலைச்சொல் அன்று. அந்தத் தன்மையைக் குறிக்கப் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘விட்டுவிட்டு வருந்தன்மை’ என்றா எழுதுவீர்கள்? ‘இடைவிடுமை’ என்றால் ஒரே வீச்சில் முடிகிறது.

கோவை, கார் மின்பழுது பார்ப்பவர்:

ஐயா, ‘வயிற்றுக் கோளாறு’ என்று சொல்லும் யாரும் ராகுவையும் கேதுவையும் நினைப்பதில்லை. ‘இயந்திரக் கோளாறு காரணமாக விமானம் தாமதம்’ என்று செய்தித்தாளிலும் வருகிறது. சொல் எங்கிருந்து கிளம்பியது என்பதைவிட இன்று எங்கே நிற்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம். வழு என்றால் என் பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது.

சேலம், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டதால் முடிவு செய்துவிட்டேன். பாடத்தின் உள்ளே ‘விட்டுவிட்டு வரும் கோளாறு’. சொல்லடைவிலும் தேர்வு வினாக்களிலும் ‘இடைவிடு கோளாறு’. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘க்’ போடக் கூடாது என்று அச்சகத்துக்கு எழுதியிருக்கிறேன். அதிகாரத்தின் முதல் பத்தியிலேயே கோளாறு வேறு, பழுது வேறு என்று பட்டறை நண்பர் சொன்னபடி சேர்த்துவிட்டேன். எச்4 கப்ளரின் படமும் போடுகிறேன். சூட்டில் பிளந்த டெர்மினலைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ‘எர்த்’ என்பதைப் ‘புவியிணைப்பு’ என்று எழுதலாமா?

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்:

எங்கள் பாடநூல்களில் ‘புவித்தொடுப்பு’. வீட்டு மின்சுற்றுக்கு அது மெத்தச் சரி. ஆனால் கார் நிற்பது ரப்பர் டயரில். அதன் வயர் புவியைத் தொடுவதே இல்லை. வண்டியின் இரும்பு உடலே பற்றரிக்குத் திரும்பும் வழி. புவி என்று எழுதினால் மாணவன் கம்பியை நிலத்தில் புதைப்பதாக எண்ணுவான். ‘உடற்தொடுப்பு’ என்று வைக்கலாம்.

கோவை, கார் மின்பழுது பார்ப்பவர்:

நாங்கள் ‘பாடி எர்த்’ என்போம். உடல் என்பது சரிதான், நண்பர் சொன்ன காரணமும் சரி. ஆனால் ‘எர்த்’ என்பதை எடுத்துவிட்டால் பையன் வேலைக்குச் சேரும் முதல் நாளில் பெரிய மெக்கானிக் கேட்பது அவனுக்குப் புரியாது.

மதுரை, பேராசிரியர்:

‘உடற்தொடுப்பு’ தவறு, உடல் முன் தகரம் வந்தால் ‘உடற்றொடுப்பு’ என்று திரிய வேண்டும். இயல்பாக விட்டு ‘உடல்தொடுப்பு’ என்று எழுதுவாரும் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. ‘மீள்வழி’ என்று வைத்தால் புணர்ச்சித் தொல்லையே இல்லை, மின்சாரம் திரும்பும் வழி என்ற பொருளும் வந்துவிடுகிறது. ‘இடைவிடு கோளாறு’ பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் ‘வழு’ என்பதை மறுபடி எழுப்புவேன்.

சேலம், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஐயா, இந்தப் பதிப்பில் ‘எர்த்’ என்றே விட்டு, அருகில் ‘வண்டியின் உடல் வழியாக மின்சாரம் திரும்பும் இணைப்பு’ என்று எழுதுகிறேன். ‘மீள்வழி’ பற்றி மற்றவர்களும் சொல்லட்டும். கோப்பை இன்று மாலை அனுப்புகிறேன்.