ஜோடியை மீட்ட பிறகும் வைரஸ் ஆர்என்ஏ சரியாகப் பெருகவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். தாவர வைரஸ்களில் வேலை செய்பவர்கள் இருந்தால் உதவுங்கள், ப்ளீஸ்.

டொமேட்டோ புஷி ஸ்டன்ட் வைரஸில் வேலை செய்கிறேன். சுமார் 4,800 நியூக்ளியோடைடு (எழுத்து) கொண்ட ஒரே ஆர்என்ஏ. புரதம் செய்ய ரைபோசோமுக்கும் அதுவே, நகலெடுக்க ரெப்ளிகேஸ் என்ற நொதிக்கும் அதுவே. இதன் 3' முனையின் கடைசி ஐந்து எழுத்துகள் அருகிலுள்ள ஒரு தண்டு-வளையத்தின் (இழை தன்மேலேயே மடிந்து ஜோடி சேர்ந்த தண்டும் அதன் வளையமும்) உள்வளையத்தோடு ஜோடி சேர்ந்து, மைனஸ் இழை (நகலெடுக்கும்போது முதலில் உருவாகும் எதிர் இழை) உருவாவதை அடக்கிவைக்கின்றன. அடக்கினாலும், செல்லுக்குள் வைரஸ் பெருக இந்த அமைப்பு தேவை. அந்தத் தண்டின் ஒரு பக்கத்தை மாற்றினேன், பெருக்கம் விழுந்தது, எதிர்பார்த்ததுதான். மறுபக்கத்தையும் மாற்றி ஜோடியை மீட்டபிறகும் நார்தர்ன் பிளாட்டில் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) மைனஸ் இழை பழைய அளவில் பாதிகூட வரவில்லை.

வடிவம் மட்டும் போதாது, எழுத்து வரிசையும் முக்கியம் என்று எடுத்துக்கொள்ளலாமா? இதே வைரஸில், நகலெடுப்புக்கு உதவும் அதன் பி33 புரதம் வேறொரு தண்டு-வளையத்தில் ஜோடி சேராத இரண்டு சி-க்களைத் தேடிப் பிடிக்கிறது. அதனால்தான் எனக்கு அந்தச் சந்தேகம். அல்லது என் மாற்றம் தொலைவிலுள்ள வேறொரு ஜோடியைக் கெடுத்திருக்குமா?

சோதனைக் குழாயில் ஷேப் (ஆர்என்ஏவில் எந்த எழுத்துகள் ஜோடி சேராமல் இருக்கின்றன என்று வேதிப்பொருளால் காட்டும் முறை) செய்து பார்த்தால் மடிப்பு சரியாகவே தெரிகிறது. செல்லுக்குள் டிஎம்எஸ் (அதே வேலைக்கான, செல்லுக்குள் நுழையும் வேதிப்பொருள்) போட்டுப் பார்க்க ஆசை. ஆனால் அங்கே ரைபோசோம் ஏறியது, நகலாவது, கேப்சிடுக்குள் (வைரஸின் புரத உறை) அடைந்தது எல்லாம் கலந்துகிடக்கும். கிடைப்பது சராசரி மட்டுமே. இந்த வைரஸ் நகலாகும் இடமான பெராக்சிசோம் என்ற செல் உறுப்பின் சவ்வுப் பகுதியைப் பிரித்தெடுத்து அதில் மட்டும் யாராவது செய்திருக்கிறீர்களா? ஈஸ்ட் சாற்றில் செய்வது மேலா? கட்டுப்பாட்டு மாதிரியாக எதை வைத்தீர்கள் என்றும் சொன்னால் பேருதவி.