அப்பா சைவத்துக்கு மாறினார். தட்டில் கூடியது சோறு மட்டுமே

செந்தூல்மகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறது. 63 வயதான என் அப்பா, தைப்பூசத்துக்காக 48 நாள் விரதமிருந்து பத்துமலையில் பால்குடம் எடுத்தார். அதன்பின் மீன், இறைச்சி, முட்டை எதுவும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குடித்தால் வயிறு உப்புகிறது என்பதால் பாலும் தயிரும் முன்பே நின்றுவிட்டன. நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் ஐந்து மாதங்கள் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி (HbA1c) 6.1 சதவீதம், அதாவது நீரிழிவின் விளிம்பு, என்றும் ஹீமோகுளோபின் 11.8 என்றும் வந்திருக்கிறது. எடை 72 கிலோவிலிருந்து 68க்கு இறங்கிவிட்டது. படியேறினால் களைக்கிறது என்கிறார்.

அம்மாவின் சமையலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சென்ற வாரம் அடுப்படியில் நின்று கவனித்தபோது, நான்கு பேருக்கான சாம்பாரில் ஒரே ஒரு கைப்பிடி துவரம்பருப்புதான் விழுந்தது. அதனுடன் உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், மீன் இருந்த இடத்தை நிரப்ப இன்னொரு கரண்டி சோறு. மாலை நான்கு மணிக்குப் பிசாங் கோரெங் (மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம்) அல்லது முறுக்கு, கூடவே சீனி போட்ட கட்டித் தேநீர். சைவத்தை விடாமலேயே சத்து குறையாமல் சமைப்பது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். புதிய பண்டம் என்றாலே அப்பா முகம் சுளிப்பார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆயர்ஈத்தாம் அக்கா:

அன்புத் தங்கைக்கு, நோய் எங்கே என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தக் கைப்பிடிப் பருப்புதான். பினாங்கில் என் கணவர் சைவத்துக்கு மாறியபோது நானும் இதே தவற்றைத்தான் செய்தேன்.

முதலில் அடையில் தொடங்குங்கள், அப்பாவுக்கு அது புதிதல்ல. துவரை, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு தலா அரைக் கப், உளுந்து கால் கப், புழுங்கலரிசி அரைக் கப் என்று எடுத்து நான்கு மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், இஞ்சி, பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். வழக்கமாக அரிசி கூடுதலாக இருக்கும், இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். புளிக்க வைக்க வேண்டியதில்லை. உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி கலந்து, கல்லில் கனமாக வார்த்து, நடுவில் துளையிட்டுச் சில சொட்டு எண்ணெய் விட்டால் போதும். இது நால்வருக்கான காலை உணவு. ஒருவருக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைத்துவிடும்.

அடுத்தது தெம்பே. சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாகச் செய்யும், ஜாவாவிலிருந்து வந்த இந்தப் பண்டம் நம் ஊர்க் காலைச் சந்தைகளில் மலிவாகக் கிடைத்தும், அது மலாய்க்காரர் சமையல் என்று நம்மில் பலர் கடந்து போய்விடுகிறோம். 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம் இருக்கிறது. வாங்கும்போது அழுத்திப் பாருங்கள்: வெள்ளைப் பூஞ்சை சோயா மணிகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைத்து, கட்டி உதிராமல் நிற்க வேண்டும், காளான் வாசனைதான் வர வேண்டும். ஆங்காங்கே கருத்த புள்ளிகள் இருந்தால் பயமில்லை, மூக்கைத் துளைக்கும் நெடியும் பிசுபிசுப்பும் இருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் இலேசான கசப்பும் போய்விடும். பிறகு மெல்லிய துண்டுகளாக்கி, மஞ்சள், மிளகாய்த்தூள், சோம்புத்தூள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல் என்று மீனுக்குப் பூசுவதைப் போலவே பூசி அரை மணி நேரம் ஊறவிட்டு, தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலையோடு வாட்டுங்கள். இறக்கிய பிறகு கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, பெயரைச் சொல்லாமல் தட்டில் வையுங்கள். சாப்பாட்டுக் கடைகளில் சீனியும் நிலக்கடலையும் போட்டு எண்ணெயில் பொரித்து வைத்திருக்கும் தெம்பே வேறு கதை. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஓய்வுபெற்றவன், பிரிக்ஃபீல்ட்ஸ்:

மகளே, மருத்துவமனை ஒன்றின் உணவியல் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் குறைந்தாலே அதை இரத்தச்சோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 63 வயதில் 11.8 வந்து, எடையும் இறங்கியிருக்கும்போது பழியை உணவின் மீது மட்டும் போட்டுவிடக் கூடாது. குடலில் இரத்தக் கசிவு இருந்தாலும் இப்படித்தான் வரும். ஆகவே மருத்துவரிடம் தாமதிக்காமல் சென்று, இரும்புச்சத்தையும் வைட்டமின் பி12ஐயும் சோதிக்கச் சொல்லுங்கள். பி12 ஈரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பாக இருக்கும் என்பதால் ஐந்து மாதச் சைவத்தால் மட்டும் அது தீர்ந்திருக்காது. ஆனால் பாலும் முட்டையும் இல்லாத உணவில் அது இனி நம்பும்படி கிடைக்காது. மாத்திரையோ, பி12 சேர்க்கப்பட்ட சோயா பாலோ வேண்டியிருக்கும். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கினால் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் என்பது பொதுக்கணக்கு. அப்பாவுக்குச் சுமார் 54 கிராம். அக்கா சொன்ன அடை, 100 கிராம் தெம்பே, மாலையில் ஒரு கப் வெந்த கொண்டைக்கடலை ஆகியவற்றிலேயே அது ஏறத்தாழ நிறைந்துவிடும். சிறுநீரகத்தில் குறையிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். தட்டைப் பொறுத்தவரை, நம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ (மலாயில் கால், கால், பாதி) முறையே போதும்: கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்போ தெம்பேயோ தோஃபுவோ, பாதி காய்கறியும் பழமும். உருளைக்கிழங்கு சோற்றின் பங்கில்தான் சேரும், காய்கறியின் பங்கில் அல்ல. அம்மாவிடம் இதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்காது. கீரையோடு கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால் ஏற்பு கூடும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், சீனியைப் படிப்படியாகக் குறையுங்கள்.

செராஸ் தம்பி:

மாலைப் பலகாரத்துக்குக் கச்சாங் பூத்தே (கடலை, பயறு விற்கும்) வண்டியில் பொரித்ததை விட்டுவிட்டு அவித்த கடலையைக் கேட்டு வாங்குங்கள், அக்கா. சைவக் கடைகளின் போலி ‘மட்டன்’ பொட்டலங்களில் புரதம் இருந்தாலும் உப்பு மிகுதி. எங்கள் வீட்டில் தினமும் அதையே சமைத்து, அம்மாவின் இரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம். இன்னொன்று, ‘சாயோர் மானிஸ்’ எனப்படும் தவசிக்கீரையைச் சமைத்தே உண்ணுங்கள். 1990களில் தைவானில் உடல் இளைப்பதற்காக அதைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

செந்தூல்மகள்:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அடை வார்த்தோம். அப்பா மூன்று சாப்பிட்டார். தெம்பேயை மட்டும் கண்டுபிடித்துவிட்டார்: “இந்த மீனுக்கு முள்ளையும் காணோம், வாடையையும் காணோம், என்ன ஏமாற்று வேலை?” என்று கேட்டபடியே தட்டைக் காலி செய்தார். சாம்பாருக்கு அம்மா இப்போது கைப்பிடிக்குப் பதிலாக டம்ளரால் பருப்பு அளக்கிறார், உருளைக்கிழங்கைத்தான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். பி12 முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.