பேக்கப்புக்கு டிஸ்க் எவ்ளோ, டேப் எவ்ளோ வாங்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, ஆபீஸ்ல பேக்கப் வேலை இப்ப என் தலைல விழுந்திருக்கு, முன்னாடி பாத்தவர் எதையும் எழுதி வைக்காமலே போயிட்டார். ஆறு சர்வர், மொத்தம் 20 டிபி, பாதிக்கு மேல வீடியோ. தினமும் மாறுறது 300 ஜிபி இருக்கும்.

ஞாயித்துக்கிழமை ஃபுல் (மொத்த டேட்டாவும்), மத்த நாள் இன்கிரிமென்டல் (அன்னிக்கு மாறுனது மட்டும்), டிஸ்க்ல ரெண்டு வாரம் வச்சா 44 டிபி போதும்னு நெனச்சேன், அப்புறம்தான் உறைச்சுது, மூணாவது ஃபுல் முடியுற வரைக்கும் முதல் ஃபுல்ல அழிக்க முடியாதே, அப்ப 64 ஆகுது. 12 டிபி டிஸ்க் எட்டு வாங்கி ரெய்டு 6 (ரெண்டு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாத மாதிரி எல்லாத்தையும் சேத்து வைக்கிறது) போட்டா பேரிட்டிக்கு, அதாவது அந்தப் பாதுகாப்புக்கு, ரெண்டு டிஸ்க் அளவு போக 72 டிபி தான் கைல நிக்கும். டேட்டா வளந்தா என்ன பண்றது?

டேப்புக்கு எல்டிஓ-8 (பேக்கப்புக்கான மேக்னடிக் டேப்ல எட்டாவது தலைமுறை) பாத்திருக்கேன். அட்டைல 30 டிபின்னு போட்டிருக்கான், ஆனா அது கம்ப்ரெஸ் ஆனாத்தான், நம்ம வீடியோ எங்க சுருங்கப்போகுது, 12 தான் நெஜம். அப்ப ஒரு ஃபுல்லுக்கு ரெண்டு டேப், மாசத்துக்கு ஒரு ஃபுல்ல எடுத்து ஒரு வருஷம் வச்சா 24 டேப். எல்டிஓ-9 போனாலும் 18 தான், அப்பவும் ரெண்டு டேப்பே!

வேகம்தான் பெரிய குழப்பம். டேப் டிரைவ் செகண்டுக்கு 360 எம்பி எழுதும், நம்ம 1 கிகாபிட் நெட்வொர்க்ல 110 எம்பி வந்தாலே பெருசு, டேட்டா பத்தலன்னா டேப் நின்னு நின்னு பின்னாடி ஓடி தேயுமாம். அதனால டிரைவ பேக்கப் சர்வர்லயே எஸ்ஏஎஸ் கேபிள்ல (நெட்வொர்க் இல்லாம நேரடி இணைப்பு) மாட்டி டிஸ்க்ல இருந்து எழுதலாமா? அதே ரெய்டுல பேக்கப்பும் எழுதிட்டு இருந்தா ஸ்பீடு தாங்குமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, வெள்ளிக்கிழமை கொட்டேஷன் குடுக்கணும்.