கெக்கோ திரும்பி வந்தபோது

ஆசையாகப் போய் ஏமாந்த இரண்டாம் பாகங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். படம் 'வால் ஸ்ட்ரீட்: மணி நெவர் ஸ்லீப்ஸ்', 1987இல் வந்த பங்குச்சந்தைப் படமான 'வால் ஸ்ட்ரீட்'டின் இரண்டாம் பாகம். 2010 செப்டம்பர், நியூஜெர்சியில் ஒரு தியேட்டர். மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்கு ஒப்பந்த அடிப்படையில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்த எனக்கு வேலை போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இயக்குநர் ஆலிவர் ஸ்டோன் இந்த வங்கிக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிடுவார், கண்குளிரப் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

ஆரம்பம் அபாரம். முதல் பாகத்தின் வில்லன், பங்குச்சந்தை முதலை கார்டன் கெக்கோ 2001இல் சிறையிலிருந்து வெளியே வருகிறார். அவரிடம் அவருடைய பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்: மோதிரம், கைக்கடிகாரம், நோட்டு இல்லாத தங்க கிளிப், அப்புறம் செங்கல் மாதிரி ஒரு செல்போன். தியேட்டரே சிரித்தது. வாசலில் வந்து நிற்கிற நீளமான காரும் வேறொரு கைதிக்கு வந்தது. கெக்கோவாக நடித்த மைக்கேல் டக்ளஸ் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதோடு சரி. அதற்குப் பிறகு கெக்கோவின் மகளைக் காதலிக்கும் ஒரு இளம் வர்த்தகரின் கதையாகிவிட்டது. நடுவில் ஒரு பைக் ரேஸ் வேறு. மகள் பெயரில் சுவிஸ் வங்கியில் இருந்த 10 கோடி டாலரை நைசாகக் கறந்துகொண்டு கெக்கோ லண்டனுக்குப் போகிறார். அங்கே படத்தை முடித்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். முடிக்கவில்லை. பேரக்குழந்தையின் ஸ்கேன் படத்தைப் பார்த்து மனம் இளகி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடைசியில் பிறந்தநாள் விழா! லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலாகி இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு அவசரமா கூட்டிட்டு வந்தியா?" என்றாள் மனைவி.

*

இதைப் படித்துவிட்டு எழுதும் இன்னொருவன் நான். என் அனுபவம் முதல் பாகத்தில் தொடங்குகிறது. எம்பிஏ வகுப்பில் 'பேச்சுக்கலை'க்கு உதாரணமாக, படத்தில் வரும் டெல்டார் பேப்பர் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் கெக்கோ பேசும் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். பேராசை நல்லது என்று அவர் சொன்னதும் பாதி வகுப்பு கைதட்டியது. நானும்தான். வில்லனைப் பார்த்துக் கைதட்டுகிறோம் என்பதே உறைக்கவில்லை. ஸ்டோன் அந்தப் படத்தைப் பங்குத் தரகராக இருந்த தன் அப்பாவுக்குத்தான் சமர்ப்பித்திருந்தார். படத்தின் மனசாட்சியும் ஒரு அப்பாதான், விமான நிறுவனத் தொழிற்சங்கத்தில் இருக்கும், நாயகனின் அப்பாவாக வரும் மார்ட்டின் ஷீன். மகன் அப்பா பக்கமா, கெக்கோ பக்கமா, யார் பக்கம் போவான் என்பதுதான் கதையே.

இரண்டாம் பாகத்தில் அந்த நாற்காலி காலி. சூசன் சாரண்டன் நடித்த, இளம் வர்த்தகரின் அம்மா பாத்திரத்தை அங்கே உட்கார வைத்திருக்கலாம். வீடு விற்கும் தரகர், கடனில் மூழ்கிக்கொண்டே மகனிடம் மறுபடி மறுபடி பணம் கேட்கிறார். வீட்டுக் கடன்களில் வெடித்த 2008 நெருக்கடி உண்மையில் அவர் வீட்டில்தானே நடந்தது? அவருக்கு ஏதோ சில காட்சிகள், அவ்வளவுதான்.

*

நான் மூன்றாமவன். முதல் பாகத்தின் நாயகன் சார்லி ஷீன் இரண்டாம் பாகத்தில் தலைகாட்டும் இடத்தை நீங்கள் இருவருமே விட்டுவிட்டீர்களே! நான் விசிலே அடித்துவிட்டேன். முதல் பாகத்தில் உடம்பில் மைக் கட்டிக்கொண்டு பேச்சைப் பதிவுசெய்து கெக்கோவைச் சிறைக்கு அனுப்பிய பட் ஃபாக்ஸ் அவர்தான். பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், அப்பா வேலை பார்த்த புளூஸ்டார் விமானக் கம்பெனியையும் விற்றாகிவிட்டது. எந்தக் கம்பெனியைக் காப்பாற்ற அவ்வளவு அடி வாங்கினானோ, அதை! விசில் பாதியில் நின்றுவிட்டது.

ஆனால் ஒன்று, 94 வயதில் பழம்பெரும் நடிகர் ஈலாய் வாலக் வரும் காட்சிகளுக்காகப் படத்தை மன்னித்துவிடலாம்.

*

முதலில் எழுதியவன்தான். வாலக் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். இப்போதும் டிவியில் இந்தப் படம் வந்தால் பார்ப்பேன், செங்கல் போன் வரைக்கும். அந்த நீளமான கார் கிளம்பியதும் சேனலை மாற்றிவிடுவேன்.