ஏ + ஏ′பி = ஏ + பி: சுவிட்சை அணைத்தாலும் எல்இடி அணையவில்லை, உதவி தேவை

காட்பாடி மாணவன்:
வணக்கம். ஏ, பி என்பவை இரு சுவிட்சுகள். ஏ + ஏ′பி (+ என்றால் ‘அல்லது’, ′ என்றால் ‘இல்லை’, அடுத்தடுத்து எழுதினால் ‘மற்றும்’) என்னும் கோவையை ஏ + பி எனச் சுருக்கி, இரு வடிவங்களையும் பிரெட்போர்டில் கட்டிப் பார்த்தேன். இரண்டு சுவிட்சுகளையும் அணைத்த பிறகும் இரு சுற்றுகளிலும் எல்இடி எரிகிறது. என் சுருக்கம் பிழையா? நாளை செய்முறைத் தேர்வு.

பாலாற்றங்கரை:
எந்த ஐசி (தருக்க வாயில்கள் அடங்கிய சில்லு), எத்தனை வோல்ட், சுவிட்சின் மறுமுனை எங்கே போகிறது என்பவற்றை எழுதாமல் எதுவும் சொல்ல இயலாது.

ஆம்பூர் ஆசிரியர்:
சுருக்கம் சரிதான், தம்பி. பங்கீட்டு விதிப்படி அது (ஏ + ஏ′)(ஏ + பி) ஆகிறது. ஏ + ஏ′ எப்போதும் 1 என்பதால் ஏ + பி எஞ்சுகிறது. பள்ளி இயற்கணிதத்தில் கூட்டல் இவ்வாறு பெருக்கலின்மீது பங்கிடப்படுவதில்லை என்பதால்தான் மாணவர்கள் இந்த வரியை நம்பத் தயங்குகிறார்கள். ஐயம் தீராவிட்டால், 1953இல் கார்னா வெளியிட்ட, ஏ, பி மதிப்புகளைக் கட்டங்களாக அடுக்கும் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். இரு கோவைகளுக்கும் நான்கு கட்டங்களில் அதே மூன்றில் 1 வரும்.

கோட்டைவாசல்:
ஒவ்வொரு பருவத்திலும் தேர்வுக்கு முந்தைய இரவில் இதே கேள்வி வருகிறது. ஐசி எண்ணை எழுதத் தெரியாதவருக்கு வரைபடம் எதற்கு? 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்குத் தரை. மாற்றிக் கொடுத்து ஐசியை எரித்திருப்பீர்கள்.

காட்பாடி மாணவன்:
மன்னிக்கவும், ஐயா. 74எல்எஸ்32 (‘அல்லது’ வாயில்), 74எல்எஸ்08 (‘மற்றும்’ வாயில்), 74எல்எஸ்04 (‘இல்லை’ வாயில்). கைபேசி சார்ஜரின் 5 வோல்ட். சுவிட்சின் மறுமுனை 5 வோல்ட்டில் இருக்கிறது. உள்ளீட்டிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் மின்தடையும் போட்டிருக்கிறேன்.

குடியாத்தம் பழுதுநீக்குநர்:
அந்த 10 கிலோ ஓம்தான் காரணம். எல்எஸ் வகை ஐசியின் உள்ளீடு 0 ஆக இருக்கும்போது அதிலிருந்து வெளியே 0.4 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் பாயலாம். அது முழுவதும் உங்கள் மின்தடை வழியாகவே தரைக்கு இறங்கியாக வேண்டும். உள்ளீடு 0.8 வோல்ட்டுக்கு மேற்படாதிருந்தால்தான் அது 0 என்பது உறுதி. 10 கிலோ ஓமில் அந்த வரம்பு எளிதாகக் கடக்கப்படுகிறது, ஐசி அதை 1 என எடுத்துக்கொள்கிறது. 1 கிலோ ஓமில் 0.4 வோல்ட்டைத் தாண்டாது. இன்னும் நல்ல வழி, சுவிட்சைத் தரைக்கும் 10 கிலோ ஓமை 5 வோல்ட்டுக்கும் இணைப்பது. அப்போது அழுத்தினால் 0 வரும் என்பதால் 7432க்குப் பதிலாக 7400 (‘மற்றும்’ விடையைத் தலைகீழாக்கும் வாயில்) போடுங்கள். டி மார்கன் விதிப்படி (ஏ′பி′)′ என்பது ஏ + பி தானே.

ஆம்பூர் ஆசிரியர்:
அந்தக் கணிதவியலாளர் டி மார்கன் நம் மதுரையில் பிறந்தவர். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806 ஜூலைக்கு முந்தைய மாதம்.

கோட்டைவாசல்:
கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போனவரை நம்மவர் என்பது பொருந்தாது. மேலும், தேர்வில் 7432 கேட்டிருக்கும்போது 7400 போடச் சொல்வது மதிப்பெண்ணைக் கெடுக்கும்.

குடியாத்தம் பழுதுநீக்குநர்:
ஐசி எரிந்துவிட்டது என்ற தங்கள் முடிவைவிட அது குறைவாகவே கெடுக்கும், ஐயா. எரிந்த ஐசி இரு சுற்றிலும் மெய் அட்டவணையின் ஒரே வரிசையில் மட்டும் தவறாது. 1 கிலோ ஓம் போட்டால் 7432 அப்படியே இருக்கலாம்.

காட்பாடி மாணவன்:
1 கிலோ ஓம் மாற்றினேன், அணைகிறது. நன்றி.

பாலாற்றங்கரை:
மாற்றுவதற்கு முன் அந்த உள்ளீட்டில் மல்டிமீட்டர் எத்தனை வோல்ட் காட்டியது?