கூட்டத்தில் ஜேப்படி கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்?

மழைக்குருவி:
பேருந்தில் நெருக்கியடித்து நிற்கிறோம். எதிரே நிற்கிற பெண்ணின் தோள்பைக்குள் இன்னொருவர் கை போகிறது. கையின் மேலே மடித்த துண்டு ஒன்று மறைப்பாக இருப்பதால், திருட்டுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. இந்த நேரத்தில் என்ன செய்வது? கத்தினால், அந்த ஆள் நிஜமாகவே கம்பியைப் பிடிக்கத் தடவியவராக இருந்துவிட்டால் கூட்டம் அவரைச் சும்மா விடாது. பேசாமல் இருக்கவும் மனசு கேட்காது. "அவரவர் பையை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது என் கணவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் பதிலுக்குச் சொல்ல என்னிடம் உருப்படியான யோசனையும் இல்லை.

பழைய கண்டக்டர்:
பைக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் பேசுங்கள் அம்மா. "உங்கள் பை ஜிப் திறந்திருக்கிறது, முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள்" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் போதும், உள்ளே போன கை தானாக வெளியே வந்துவிடும். நீங்கள் யார் மேலும் பழி போடவில்லை, தப்பாகவே பார்த்திருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. எடுப்பவரின் முகத்தை முறைத்துப் பார்க்க வேண்டாம், கையைப் பிடிக்கவே வேண்டாம். பை அறுக்கிற பிளேடு இரண்டு விரலுக்கு நடுவில்தான் இருக்கும், வெளியே தெரியாது.

இன்னொன்று. இது பெரும்பாலும் தனி ஆள் வேலை இல்லை. படியில் ஒருவர் இறங்குவது போலத் தயங்கி வழியை அடைப்பார், பின்னால் ஒருவர் தள்ளுவார், அந்தத் தள்ளுமுள்ளில் மூன்றாமவர் எடுப்பார், எடுத்தது அடுத்த நொடி கைமாறிவிடும். அப்புறம் எடுத்தவரைப் பிடித்துச் சோதித்தால் பாக்கெட்டில் பயணச்சீட்டுதான் இருக்கும். "பிடி பிடி" என்று பெரிதாகச் சத்தம் போடுகிறவரே அந்தக் கூட்டாளியாக இருப்பதும் உண்டு. நான் சந்தேகம் வந்தால் பொதுவாக, "எல்லாரும் பர்ஸை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குரல் கொடுத்துவிடுவேன்.

நடைபாதை:
அண்ணே, முதல் பாதி சரி. கடைசியாகச் சொன்னதுதான் இடிக்கிறது. அப்படிக் குரல் கொடுத்ததும் ஆளாளுக்குப் பணம் வைத்திருக்கிற இடத்தைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். யார் பர்ஸ் பின் பாக்கெட்டில், யார் பணம் இடுப்பில் என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? "ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை" பலகைக்குப் பக்கத்தில் நிற்பது அவர்களுக்கு வசதி என்று சொல்வதும் இதனால்தான்.

பழைய கண்டக்டர்:
நியாயமான கேள்வி தம்பி. திருட்டு நடப்பதற்கு முன்னால் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் குரல் கொடுப்பது ஒருவர் "காணோம்" என்று பதறிய பிறகு. கதவைத் திறக்காமல் வண்டியை ஓரங்கட்டி, விளக்கைப் போட்டு, "சீட்டுக்கு அடியில் தேடுங்கள், கீழே விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தபடி நிற்க வேண்டும். திருடியவருக்கு மானத்தோடு தப்பிக்க ஒரு வழி விட்டால் பர்ஸ் நிஜமாகவே காலடியில் கிடக்கும். பணம் குறைந்திருக்கலாம், அட்டைகளாவது மிஞ்சும்.

நிழல்வலை:
பர்ஸைவிட இப்போது போன்தான் குறி, அதனால் ஒரு வார்த்தை. பக்கத்தில் இருப்பவருடைய போன் போனால் ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்காமல் உடனே உங்கள் போனைக் கொடுங்கள், அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஐபோன் என்றால் ஐகிளவுட் தளத்தின் தேடும் பக்கத்தில் கடவுச்சொல் போட்டாலே போனைப் பூட்டிவைக்கும் 'தொலைந்த நிலை'க்கு மாற்றலாம், திருடுபோன போனுக்குச் சரிபார்ப்பு எண் வந்தாக வேண்டும் என்ற சிக்கல் அங்கே கிடையாது. ஆண்ட்ராய்டில் தொலைபேசி எண்ணை மட்டும் வைத்துப் பூட்டும் வசதி 2024ல் வந்தது, ஆனால் முன்கூட்டியே அமைப்புகளில் இயக்கி வைத்திருக்க வேண்டும். உங்கள் போனில் அவர் கணக்கைத் திறந்திருந்தால் வேலை முடிந்ததும் வெளியேறச் சொல்லுங்கள்.

அடுத்து சிம்மை முடக்க வேண்டும். பலரும் இதை மறுநாளுக்குத் தள்ளிப்போடுகிறார்கள். பூட்டிய போனிலிருந்து சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் வங்கியின் ஓடிபி நேரே அங்கே வரும், பூட்டு இருந்தும் பிரயோஜனமில்லை. புகார் கொடுக்க, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கேட்பார்கள். *#06# அழுத்தினால் திரையில் வரும், போன் கையில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் வந்த பெட்டியிலும் அச்சடித்திருக்கும்.

சில நாள் கழித்து "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருப்பிடம் பார்க்க இங்கே தட்டவும்" என்று ஒரு செய்தி வரலாம். திருடிய போனைத் திறக்க அவர்களுக்கு உங்கள் கடவுச்சொல் வேண்டும், அதற்குத்தான் இந்த அன்பு. கணக்கிலிருந்து போனை நீக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள். நீக்காதீர்கள், நீக்கினால் பூட்டும் போய்விடும்.

மழைக்குருவி:
அனைவருக்கும் நன்றி. பைக்காரரிடம் பேசுவது என்பது எனக்குத் தோன்றவே இல்லை, இது என்னால் முடியும். கணவரிடம் காட்டினேன். பேருந்து விஷயத்தில் வாய் திறக்கவில்லை, ஆனால் சிம் சமாச்சாரம் படித்ததும் தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிம்முக்கே தனியாகப் பூட்டு போட முடியுமா என்று கேட்கிறார்.

நிழல்வலை:
முடியும், சிம் பின் என்று அமைப்புகளில் இருக்கும். போனை அணைத்துப் போட்டாலும், வேறு போனில் சொருகினாலும் அந்த எண் கேட்கும். ஆனால் முதல்முறை இயக்கும்போது சிம்மோடு வந்த பழைய எண்ணைக் கேட்கும், தெரியாவிட்டால் சேவை நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். குத்துமதிப்பாக அடிக்க வேண்டாம். மூன்று முறை தப்பானால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கிற பியூகே எண்ணைக் கேட்டு நின்றுவிடும், அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் புது சிம்தான் வாங்க வேண்டும்.